பாகலூர் வானத்தில் எதிர்ச்சுற்று

ஐம்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். பெங்களூரிலிருந்து ஓசூர் வருகிற ரோட்டை ஒட்டி, கர்நாடகப் பக்கத்தில், அப்போது ஒரு பெரிய புல் மைதானம் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் நாலைந்து கிளைடர்கள். கிளைடர் என்றால் இஞ்சின் இல்லாத விமானம். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தி, அந்தத் துணிக்கு வார்னிஷ் அடித்திருப்பார்கள். அந்தச் சின்ன கிளப்பும் இன்று இல்லை, மைதானமும் இல்லை. ஆனால் அங்கே எனக்கு நடந்ததை நினைத்தால் இந்த வயதிலும் வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஓசூர்க்காரி. அப்பா மத்திகிரி கால்நடைப் பண்ணையில் மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர். பெங்களூரில் சித்தி வீட்டில் தங்கி பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி மாணவர்கள் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒருநாள் அறிவித்தார்கள். பெண்கள் கூடாது என்று அதில் போடவில்லை. போடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் போய் நின்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் அப்பாவிடம் வந்து, வயசுப் பெண்ணை ஆகாசத்துக்கு அனுப்புகிறாயே, நாளைக்கு எவன் கட்டுவான் என்று கேட்டார்கள். அப்பா அதற்கெல்லாம் பதில் பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணனுடைய பேண்ட்டை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, பின்னலைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு நான் பறக்கக் கற்றுக்கொண்டேன்.

பறப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. தரையில் இருக்கிற ஒரு மெஷின் நீளமான கம்பியால் கிளைடரை இழுத்துவிடும். பட்டம் போல ஜிவ்வென்று மேலே போய்க் கம்பியைக் கழற்றிவிட்டால், அதற்கப்புறம் நாம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருப்போம். மறுபடி ஏற வேண்டும் என்றால் வெயிலில் சூடான காற்று மேலே எழும்புகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு தெர்மல் என்று பெயர். அது கண்ணுக்குத் தெரியாது. கழுகுகள் இறக்கை அடிக்காமல் வட்டமிடுகிற இடத்தைப் பார்த்து, அங்கே போய் நாமும் வட்டமடித்தால் அது நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். கிணறு அகலத்துக்கும் இருக்கும், ஏரி அகலத்துக்கும் இருக்கும், நம் அதிர்ஷ்டம். அதைவிட்டு வெளியே வந்தால் கீழேதான்.

இதில் ஒரு மரியாதை உண்டு. ஒரு தெர்மலில் முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அதே பக்கம்தான் சுற்ற வேண்டும். அவர் வலமாகச் சுற்றினால் நீங்களும் வலம். உங்களுக்கு அது கைவராவிட்டால் வேறு காற்றைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஒரே வட்டத்தில் ஒருவர் வலமாகவும் ஒருவர் இடமாகவும் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் முகத்துக்கு நேராக வந்து நிற்பார்கள். அப்புறம் பொறுக்கி எடுக்கத்தான் ஆள் வர வேண்டும். எங்கள் கிளப்பில் கழுகுகளுக்குக்கூட அந்த மரியாதை கொடுத்தோம். அவை முன்னால் வந்தவை, நாம் பின்னால் வந்தவர்கள். முதல் நாள் முதல் பாடமே இதுதான்.

எங்களோடு ஒருவர் பறந்தார். பெங்களூரில் பெரிய மில் முதலாளியின் மகன். கிளைடரை இழுக்கிற மெஷினை கிளப்புக்கு வாங்கிக் கொடுத்ததே அவருடைய அப்பாதான். நன்றாகத்தான் ஓட்டுவார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கு இடப்பக்கம் மட்டும்தான் வட்டமடிக்க வரும். வலமாகத் திரும்பினால் கிளைடர் வழுக்கிக்கொண்டு ஓடும். இப்படிப்பட்டவர்கள் நிறைய உண்டு, கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரு பக்கமே பழகிவிடுவார்கள். நான் இரண்டு பக்கமும் பழகியிருந்தேன். அதற்காகத் தனியாக உட்கார்ந்து எவ்வளவு நாள் பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்தப் பங்குனியில் கிளப்பில் ஒரு போட்டி வைத்தார்கள். தினமும் ஓர் இடத்தைச் சொல்வார்கள். அதைச் சுற்றிவிட்டுத் திரும்பி வர வேண்டும். எல்லா நாள் புள்ளிகளையும் சேர்த்து யார் முதலாக வருகிறாரோ, அவர் மட்டும் வடக்கே நடக்கப்போகிற பெரிய போட்டிக்குப் போவார். ஒரே ஓர் இடம். கடைசிக்கு முந்தின நாள் வரை நான்தான் முதலில் இருந்தேன். அடுத்து மில்காரர். மூன்றாவதாக ஒரு கல்லூரி விரிவுரையாளர், சேலம் பக்கத்து ஆள். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வெயிலில் என் கிளைடரைத் தள்ள வேண்டுமானால் முதலில் ஓடி வருவார். நல்ல மனிதர் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்குச் சொன்ன இடம் பாகலூர் ஏரி. மேலே போனதும் எனக்குக் காற்று நன்றாக அமைந்தது. ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறபோது கொஞ்சம் இறங்கிவிட்டேன். பாகலூருக்கு மேற்கே உழுதுபோட்ட செம்மண் காட்டுக்கு மேலே கழுகுகள் கோயில் பிராகாரம் சுற்றுவது போல வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நானும் வலமாக நுழைந்தேன். கிளைடர் கும்மென்று ஏறியது. கொஞ்ச நேரத்தில் விரிவுரையாளர் எனக்கு மேலே வந்து சேர்ந்தார், அவரும் வலமாகவே சுற்றினார். அண்ணாந்து பார்த்தால் அவருடைய இறக்கையின் அடிப்பக்கம் நன்றாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் நேராக மைதானத்துக்குப் போய் இறங்கலாம். வடக்கே போகிற ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டது போலவே இருந்தது எனக்கு.

அப்போதுதான் மில்காரர் வந்தார். என் உயரத்துக்கே வந்தார். வந்தவர் இடமாகத் திரும்பினார்.

முதலில் தெரியாமல் செய்கிறார் என்று நினைத்தேன். இறக்கையை ஆட்டிக் காட்டினேன். அவர் பார்த்தார், பார்த்தது எனக்குத் தெரிந்தது. பார்த்துவிட்டு இன்னும் சரித்து இடமாகவே சுற்றினார். அடுத்த சுற்றில் என் முகத்துக்கு நேரே வந்துவிட்டார். அவருடைய கறுப்புக் கண்ணாடியும் அதற்குக் கீழே இறுக்கி மூடியிருந்த வாயும் இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கின்றன. நான் கிளைடரை வெடுக்கென்று வெளியே ஒடித்துக்கொண்டு போனேன். அவர் இறக்கை என் தலைக்கு மேலே போன சத்தம் கேட்டது.

நீயும் அவரோடு இடமாகத் திரும்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மேலே ஒருவர் வலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாரே, அவருக்கு என்ன பதில் சொல்வது? முறை தெரிந்தவள் என்ற ஒரே காரணத்துக்காக நான் வெளியே போனேன். முறை கெட்டவர் உள்ளே இருந்துகொண்டு ஜம்மென்று ஏறிப்போனார். இது எந்த ஊர் நியாயம்?

ஒடித்த வேகத்தில் உயரமெல்லாம் போயிற்று. வேறு காற்று கிடைக்கவில்லை. பயிர் இல்லாத காடாகப் பார்த்து, கேழ்வரகு அறுத்த தாள் நிற்கிற ஒரு நிலத்தில் இறக்கினேன். பக்கத்துக் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார் ஒருவர். என்னைப் பார்த்து மாடுகள் மிரண்டு ஓடியதில் தண்ணீர் மொள்ளுகிற தோல் சால் கிழிந்துவிட்டது. இறங்கினதும் கிளைடரைப் பார்க்கக் கூடாது, நிலத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் முதலில் போக வேண்டும். இதுவும் எங்கள் மரியாதைதான். போனேன். அவர் சாட்டைக் குச்சியும் கையுமாக வந்தார். "யாரப்பா நீனு, எல்லிந்த பந்தே?" என்று, யார் நீ, எங்கிருந்து வந்தாய் என்று கன்னடத்தில் அதட்டினார். நான் தொப்பியை எடுத்ததும் பின்னல் தொப்பென்று விழுந்தது. குச்சியைக் கீழே போட்டுவிட்டார்.

அதற்குள் அவர் மனைவி ஓடி வந்தார். தமிழில் தேம்பித் தேம்பிப் பேசினார். "தாயி, அடி கிடி பட்டுதா? ஒண்ணோட ஒண்ணு மோதிக்கப் போவுதுன்னு நான் கண்ணைப் பொத்திக்கினேம்மா. எதிர்ல வந்தவனுக்குக் கண்ணு இல்லியா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு அக்கா, கண்ணாடி கூட போட்டிருந்தாரு" என்றேன்.

கிழிந்த சாலுக்கு நான் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் அந்த மனிதரும் தமிழுக்கு மாறி, "அது தைச்சுக்கலாம் வுடும்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். லாரி வந்து என்னையும் கிளைடரையும் ஏற்றிக்கொண்டு போகும்வரை இரண்டு பேரும் வேலையைப் போட்டுவிட்டு என்னோடு நின்றார்கள். நஷ்டப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு இருந்த பண்பில் கால் பங்கு எங்கள் கொட்டகையில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சாயங்காலம் கொட்டகையில் விசாரணை. எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி, மீசையை முறுக்கிக்கொண்டே பேசுவார். அங்கே பேச்செல்லாம் இங்கிலீஷில்தான், நான் தமிழில் சொல்கிறேன். மில்காரர் கூச்சமே இல்லாமல், அந்தத் தெர்மலில் தான்தான் முதலில் இருந்ததாகவும், நான்தான் தப்பான பக்கம் நுழைந்து பயந்துபோய் ஓடிவிட்டதாகவும் சொன்னார். பெண்பிள்ளை, படபடப்பு இருக்கத்தானே செய்யும் என்று எனக்காகப் பரிதாபம் வேறு பட்டுக்கொண்டார்.

எனக்குக் கவலையே இல்லை. சாட்சிதான் மேலே இருந்தாரே. விரிவுரையாளரைக் கேளுங்கள் என்றேன். அவரைக் கேட்டார்கள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலில் கண் கூசியது, சரியாகப் பார்க்கவில்லை என்றார்.

"சரி, நீங்க எந்தப் பக்கம் சுத்தினீங்க, அதையாவது சொல்லுங்க" என்றேன். மாற்றி மாற்றிச் சுற்றினேன், நினைவில்லை என்றார். பறக்கிற எவரும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு தெர்மலுக்குள் மாற்றி மாற்றிச் சுற்றுகிறவர் யார்? சாப்பிட்ட கை எது என்று நினைவில்லை என்கிற மாதிரி அது. பாகலூரில் ஒரு குடும்பமே கீழே நின்று பார்த்தது, போய்க் கேளுங்கள் என்றேன். காட்டில் மாடு ஓட்டுகிறவர்களின் சாட்சியா என்று யாரோ சிரித்தார்கள்.

தலைமைப் பயிற்சியாளர் மீசையை விட்டுவிட்டு எழுந்தார். பேச்சுக்குப் பேச்சு, யாருக்கும் நிரூபணம் இல்லை, அவரவர் இறங்கிய இடத்துக்கு உண்டான புள்ளிதான் என்றார். அதோடு விட்டாரா? விளையாட்டு என்றால் பெருந்தன்மை வேண்டும், போனது போகட்டும், இரண்டு பேரும் கை கொடுங்கள் என்றார். மில்காரர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கொட்டகை முழுக்க முணுமுணுப்பு. தோல்வியைத் தாங்கத் தெரியவில்லை, விளையாட்டு மனப்பான்மை இல்லை என்று என் காதுபடவே பேசினார்கள். முகத்துக்கு நேரே வந்து மோதப் பார்த்தவருக்கு அந்த மனப்பான்மை இருக்கிறதாம், எனக்கு இல்லையாம்.

வெளியே வந்து நின்றேன். விரிவுரையாளர் பின்னாலேயே வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "தங்கச்சி, நான் பார்த்தேன். நீ பண்ணதுதான் சரி. ஆனா சொல்லி என்னம்மா ஆவப்போவுது? இழுக்கற மெஷினே அவங்கப்பா குடுத்தது. மனசுல வச்சுக்காதே" என்றார். என்னிடம் தனியாகச் சொல்ல மட்டும் கண் கூசவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது, அவர் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

மறுநாள்தான் கடைசி நாள். மில்காரர் முதலிடத்துக்குப் போய்விட்டார். நான் மூன்றாவது. ஆனாலும் கணக்கு முடிந்துவிடவில்லை, முன்னால் இருந்த இரண்டு பேரும் வழியில் எங்காவது இறங்கி நான் மட்டும் திரும்பி வந்துவிட்டால் மறுபடி என் கைக்கு வரும். அன்றைக்குச் சுற்ற வேண்டிய இடம் மத்திகிரிப் பண்ணை. வெள்ளையடித்த மாட்டுக் கொட்டில்கள் மேலேயிருந்து பளிச்சென்று தெரியும் என்பதால் அதைச் சொல்லியிருந்தார்கள். என் அப்பா வேலை பார்க்கிற இடம்.

காற்று அன்று மந்தம். ஓசூர் மலைக்கோயிலைத் தாண்டி மத்திகிரிக்குப் போகிறபோது கீழே பார்த்தேன். மில்காரர் கொட்டில்களுக்கு மேலே மிகவும் தாழ்வாக, ஒரு நோஞ்சான் தெர்மலில் இடமாகச் சுற்றிச் சுற்றி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் உயரம் குறைந்துகொண்டே வந்தது. அக்கம்பக்கத்தில் வேறு காற்று இல்லை. அவர் இருந்த இடத்துக்குத்தான் நானும் போக வேண்டும்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குக் கை பரபரத்தது. வலமாக ஒரு திருப்பு திருப்பினால் போதும். முந்தின நாள் எனக்குச் செய்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். மேலேயிருந்து பார்த்துச் சாட்சி சொல்லவும் யாரும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடமாகவே திரும்பினேன். அவர் முதலில் வந்தவர், அவர் சுற்றுகிற பக்கம்தான் நான் சுற்ற வேண்டும். அவருக்காக இல்லை. அப்படித்தான் பறக்கக் கற்றிருந்தேன்.

அவருக்கு எதிர்ப்புறத்தில், அவருக்கு ஒரு பங்கமும் செய்யாமல், அவருடைய வட்டத்தோடு சேர்ந்து ஒரு சுற்று சுற்றினேன். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று மூக்கைக் கீழே தள்ளி வட்டத்தைவிட்டு வெளியே பாய்ந்தார். அந்த உயரத்தில் வெளியே போனால் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நேராகப் போய்ப் பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்த காற்றை ஏன் விட்டார்? நான் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஏறினேன். ரொம்ப நேரம் பிடித்தது. ஏறி, மைதானத்துக்குத் திரும்பி வந்து இறங்கினேன். விரிவுரையாளரும் வந்து சேர்ந்திருந்தார். இரண்டு பேர் மட்டும்தான் அன்றைக்குத் திரும்பியவர்கள்.

மில்காரரை ஏற்றி வர லாரி போயிற்று. சாயங்காலம் லாரி வந்தபோது, பின்னால் கிளைடரின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு என் அப்பா நின்றிருந்தார். காக்கிச் சட்டையெல்லாம் செம்மண். நடந்தது இதுதான். மாடுகளுக்குக் கிளைடர் துணியில் இருக்கிற வார்னிஷ் என்றால் உயிர், நக்கி நக்கித் துணியையே கிழித்துவிடும். அதனால் மேய்ச்சல் நிலத்தில் கிளைடரைத் தனியாக விட்டுவிட்டுப் போகவே கூடாது. இவர் விட்டுவிட்டு ஓசூருக்குப் போன் பேசப் போய்விட்டார். பண்ணை மாடுகள் சூழ்ந்துவிட்டன. மகள் ஓட்டுகிற மாதிரி வண்டியாயிற்றே என்று அப்பா வேப்பங்கொம்பை ஒடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்க வெயிலில் நின்று மாடு விரட்டியிருக்கிறார். திரும்பி வந்த மில்காரர் நன்றி சொல்லவில்லை. இறக்கையைப் பிடித்து ஏற்று என்று அதிகாரம் செய்திருக்கிறார். இறக்கை ஆடக்கூடாது என்பதற்காக அப்பாவும் லாரியிலேயே வந்துவிட்டார்.

வந்த வேகத்தில் மில்காரர் கொட்டகைக்குள் புகுந்து என்மேல் புகார் கொடுத்தார். நான் அவரை வேண்டுமென்றே விரட்டி இறங்க வைத்தேனாம். என்னைப் போட்டியிலிருந்தே நீக்க வேண்டுமாம். எல்லோரும் கூடிவிட்டார்கள். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்.

தலைமைப் பயிற்சியாளர் மில்காரரைப் பார்த்து, இவள் உங்களுக்கு எதிர்ப்பக்கமா சுற்றினாள் என்று கேட்டார். இல்லை என்றார் மில்காரர். "அப்போதைக்கு என் பக்கம்தான் சுற்றினாள். ஆனால் எந்த நேரமும் எதிரே திருப்பிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நேற்றைக்குப் பழி வாங்கத்தான் அங்கே வந்தாள்."

சொல்லி முடித்த பிறகும் அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது.

"நேத்து நீங்க என்ன பண்ணீங்க, நான் பழி வாங்கறதுக்கு?" என்று கேட்டேன்.

மில்காரரின் முகம் வெளுத்துப்போயிற்று. முந்தின நாள் நான் தப்பாகச் சுற்றிப் பயந்து ஓடினவள் என்றால், எனக்கு அவர்மேல் என்ன பழி இருக்கும்? தன் கை செய்ததுதான் என் கையும் செய்யும் என்று நினைத்து, நல்ல காற்றை விட்டுவிட்டுத் தானே ஓடியிருக்கிறார். அங்கே இருந்த எல்லோருக்கும் அது புரிந்தது. விரிவுரையாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதாவது சொல்வார், ஒரே ஒரு வார்த்தை சொல்வார் என்று அவரையே பார்த்தேன். அவர் நிமிரவே இல்லை.

தலைமைப் பயிற்சியாளர் தொண்டையைச் செருமினார். புகாரைத் தள்ளிவிட்டேன் என்றார். அப்படியானால் நேற்றைய முடிவு என்று ஆரம்பித்தேன். அதை அறிவித்தாயிற்று, அறிவித்ததை மாற்றினால் கிளப்புக்கு அசிங்கம் என்றார். நடந்ததில் அசிங்கம் இல்லையாம், திருத்துவதில்தான் அசிங்கமாம். அப்புறம் கணக்குப் போட்டார்கள். மில்காரர் மத்திகிரியோடு நின்றதால் பின்னால் போய்விட்டார். நான் முந்தின நாள் பாகலூரோடு நின்றதால் எனக்கும் கிடைக்கவில்லை. இரண்டு நாளும் திரும்பி வந்த விரிவுரையாளருக்கு அந்த இடம் போயிற்று. பார்க்காதவருக்கு.

எல்லாவற்றையும் பூசி மெழுகிவிட்டு, தலைமைப் பயிற்சியாளர் மறுபடியும் அதே பாட்டைப் பாடினார். விளையாட்டு, பெருந்தன்மை, கை கொடுங்கள். மில்காரர் இந்த முறை சிரிக்கவில்லை, ஆனாலும் கையை நீட்டினார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்பா அதுவரை வாயைத் திறக்காதவர், வாசலிலிருந்து என்னைக் கேட்டார். "கை குடுத்தே ஆவணுமா பாப்பா?"

"வேணாம்ப்பா."

"அப்ப வா, பஸ்ஸு போயிடும்."

நாங்கள் கிளம்பினோம். கொட்டகையைவிட்டு ரோட்டுக்கு வருவதற்குள் விரிவுரையாளர் ஓடி வந்து வழிமறித்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "தங்கச்சி, எம்மேல கோவமா? உன் வாழ்த்தோடதான் நான் போவணும்" என்றார். அப்பா இருக்கிறாரே என்று முதலில் அடக்கிக்கொண்டேன். முடியவில்லை. "அண்ணே, அங்க போயாவது கண்ணைத் திறந்து வச்சுக்கினு ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பஸ்ஸில் அப்பா எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தார்.

அதற்குப் பிறகும் அங்கே கொஞ்ச காலம் பறந்தேன். என்னை வெறுத்து ஒதுக்கினால் போய்விடுவேன் என்று நினைத்தவர்களுக்கு அந்த வசதியைச் செய்து கொடுக்க எனக்கு மனமில்லை. பின்னால் கல்யாணம், வேறு ஊர், ஆசிரியை வேலை, பிள்ளைகள். மில்காரரை நான் அதற்கப்புறம் பெரிதாக நினைத்ததில்லை. ஒரு பக்கம் மட்டுமே சுற்றத் தெரிந்த மனிதர், மற்றவர்களும் தன்னைப் போலத்தான் என்று பயந்துகொண்டே பறந்தவர். அவருக்கு வேண்டிய தண்டனையை அவரே தேடிக்கொண்டார். என் கோபமெல்லாம் இன்றைக்கும் நல்ல மனிதர்மேல்தான். என் கிளைடரைத் தள்ள ஓடி வந்தவர், தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், தனியாக வந்து நியாயம் உன் பக்கம் என்று சொன்னவர். தனியாகச் சொன்ன அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உப்புப் போட்டுத் தின்பதா?

வாழ்க்கையில் இதற்குப் பிறகு எத்தனையோ பஞ்சாயத்தில் உட்கார்ந்துவிட்டேன், வீட்டில், பள்ளிக்கூடத்தில், சம்பந்தி வீட்டில். எங்கே போனாலும், போனது போகட்டும், பெருந்தன்மையாகக் கை கொடுங்கள் என்று அடிபட்டவரைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அப்படி யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே அந்தத் தகரக் கொட்டகை ஞாபகம் வந்துவிடும். கை கொடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நடந்ததைப் பார்த்தவர் முதலில் எழுந்து சொல்லட்டும் என்று கேட்காமல் நான் இருந்ததே இல்லை.